வேட்டுக்கு நடுங்கும் நாய், மெத்தையை நனைக்கும் பூனை

தம்பி எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. சித்திரையில் திருநெல்வேலி டவுன் வளவு வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெருமாள்புரத்தில் மாடி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கூடவே இருந்த ஆச்சி சென்னையில் பெரிய மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். நாலு வயது சிப்பிப்பாறை நாய் மணி, ஆளில்லாத நேரத்தில் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது. வைகாசியில் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேட்டு போட்டதிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. உள்ளே கை நீட்டிய மகளைப் பார்த்து உறுமியிருக்கிறது. இரண்டு வயதுக் கடுவன் பூனை சின்னான், தட்டில் மண் போட்டு வைத்திருந்தும் மெத்தையில் மூத்திரம் போகிறது. தட்டுக்குப் போனாலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறது. "அடிச்சும் பாத்தாச்சு அண்ணாச்சி, ரெண்டும் திருந்தல. என்ன செய்ய?"

நாயைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள், பூனைக்கு நாலு வரிதான். ஆனால் அவசரம் பூனைக்குத்தான். கடுவன் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் போய் உட்கார்ந்து முக்கினால், ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வந்தால், அல்லது எதுவுமே வராமல் அடிப்பாகத்தை நக்கிக்கொண்டு கத்தினால், அது சேட்டையில்லை. மூத்திரப் பாதை அடைத்திருக்கலாம். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். சளி மாதிரியான கசடும் சிறு படிகங்களும் சேர்ந்து அடைத்துவிடும். அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் கெடும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும். ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போகக்கூடிய விஷயம் இது. வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் இன்னும் குறைவான நேரம்தான் இருக்கிறது. வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம், நிரம்பிய பை கிழிந்துவிடும். ராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கேயோ பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த மருத்துவரிடமோ இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

அடைப்பு இல்லை, கல் இல்லை, கிருமியும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், பெரும்பாலும் அது மன அழுத்தத்தோடு சேர்ந்து வருகிற மூத்திரப்பை அழற்சியாக இருக்கும். சின்ன வயது, நடுவயதுப் பூனைகளுக்கு இது சாதாரணமாக வருகிறது. வீடு மாறுவது, வீட்டு ஆட்கள் மாறுவது, புது மிருகம் வருவது, சாப்பாட்டு நேரம் தவறுவது, இவையெல்லாம் அதைக் கிளப்பிவிடும். சின்னானுக்கு இவற்றில் இரண்டு மூன்று ஒரே மாதத்தில் நடந்திருக்கின்றன. தட்டில் உட்காரும்போது வலித்தால் வலிக்குக் காரணம் தட்டுதான் என்று பூனை எடுத்துக்கொள்ளும். அப்புறம் மெத்தென்ற இடமாகத் தேடும். மெத்தையில் உங்கள் வாசனையும் இருக்கிறது. உங்கள் மேல் கோபம், பழிவாங்குகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டவுன் வீட்டில் அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். புறவாசலில் ஈரமண்ணைத் தோண்டிப் போய்விட்டு மூடிவிட்டு வந்திருக்கும். இப்போது பால்கனி மூலையில், துணி துவைக்கிற மிஷின் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டு. மிஷின் சுற்ற ஆரம்பித்தால் தட்டு அதிரும். இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்கிற கணக்கு, பூனைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு தட்டு. சின்னானுக்கு இரண்டு தட்டு, இரண்டும் வேறு வேறு இடத்தில், சாப்பாட்டுக் கிண்ணத்தை விட்டுத் தள்ளி, மணியின் மூக்கு எட்டாத இடத்தில். தட்டு பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கடையில் விற்கிற சின்னத் தட்டுகள் முக்கால்வாசி போதாது, அகலமான துணித்தொட்டியே தேவலை. மூன்று நாலு விரல்கடை ஆழத்துக்கு மண் போடுங்கள். வாசனை சேர்த்த மண் வேண்டாம். பழைய வீட்டு மண் கொஞ்சம் கிடைத்தால் முதல் சில வாரம் அதைக் கலந்து போடலாம், காலுக்குப் பழகின மண் என்றால் பூனை சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். காலையும் மாலையும் அள்ளிப் போட்டுவிட வேண்டும்.

நனைந்த மெத்தைக்குப் பினாயில், டெட்டால் போடவே கூடாது. அவற்றில் இருக்கிற பீனால் வகை ரசாயனங்களைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. காலில் பட்டதை நக்கினாலே விஷம். நம் பக்கத்தில் வீடு துடைக்க வாளியில் பினாயில் கலக்காத வீடு அபூர்வம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூத்திர வாடையை உடைக்கிற நொதி கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் சோப்புத்தூள் போட்டு அலசி, மொட்டை மாடியில் நம்மூர் வெயிலில் இரண்டு நாள் காயப் போடுங்கள். கொஞ்ச நாளைக்கு அந்த அறைக் கதவு சாத்தியே இருக்கட்டும்.

பூனைக்குத் தைரியம் உயரத்திலிருந்து வருகிறது. டவுன் வீட்டில் பரணும் ஓட்டுச் சாய்ப்பும் இருந்திருக்கும். இங்கே பீரோ மேல் இருக்கிற பெட்டிகளை இறக்கிவிட்டு, பழைய சாக்கு ஒன்றை விரித்து, ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வைத்துக் கொடுங்கள். இன்னொரு மூலையில் கவிழ்த்த அட்டைப்பெட்டி. பூனையின் கன்னத்திலிருந்து ஊறுகிற வாசனைதான் 'இது நம் இடம்' என்று அதற்குச் சொல்வது. சுத்தமான பருத்தித் துணியால் அதன் கன்னத்தை மெதுவாகத் தடவி, அந்தத் துணியைக் கட்டில் கால், நாற்காலிக் கால், கதவு நிலை என்று அதன் உயரத்தில் தேய்த்து விடுங்கள். இதே வாசனையைச் செயற்கையாகச் செய்து பிளக்கில் மாட்டுகிற கருவியும் விற்கிறது. சில பூனைகளுக்கு உதவுகிறது, விலைதான் அதிகம். காசில்லாமல் கிடைப்பது குப்பைமேனி வேர். பூனைவணங்கி என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். பிடுங்கிய வேரைத் தரையில் போட்டால் பல பூனைகள் முகத்தைத் தேய்த்துப் புரண்டு கொஞ்ச நேரம் தன்னை மறந்து கிடக்கும். முகரவும் புரளவும் விட்டுவிட்டு எடுத்துப் போட்டுவிடுங்கள். சாறு பிழிந்து வாயில் ஊற்றுகிற வேலை வேண்டாம்.

சின்னானுக்கு இன்னும் ஆண்மை நீக்க அறுவை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வாலைத் தூக்கி நடுக்கி, பின்பக்கமாகப் பீச்சுவது எல்லை குறிக்கிற வேலை. அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பது கடுவன்கள் அதைக் குறைத்துக்கொள்கின்றன அல்லது விட்டுவிடுகின்றன. ஆனால் உங்கள் பூனை உட்கார்ந்து போகிறது, ஆகவே அறுவை ஒன்றே மெத்தையைக் காப்பாற்றிவிடாது. தட்டும் தண்ணீரும்தான் முக்கியம். காய்ந்த தீனியைக் குறைத்து, மஞ்சள், உப்பு, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த மீனையோ கோழியையோ அந்தத் தண்ணீரோடு கொடுங்கள்.

இனி மணி.

சிப்பிப்பாறையும் கன்னியும் நம் தெற்கத்திக் கரிசலிலும் தேரியிலும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்க வளர்த்தெடுத்த நாய்கள். வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகிவிட்டது, நாயின் உடம்பு மட்டும் அந்தச் சட்டத்தைப் படிக்கவில்லை. ஓடினால்தான் அதற்குத் தூக்கம் வரும். வீட்டு ஆட்களிடம் ஒட்டிக்கொள்கிற, அடியைத் தாங்காத, கூச்ச சுபாவமுள்ள நாய் அது. ஆச்சி பட்டாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது காலடியில் நாள் முழுக்கக் கிடந்த நாய் ஒரே மாதத்தில் ஆச்சியையும் முற்றத்தையும் தெருவையும் இழந்திருக்கிறது. அதற்கு மேல் வேட்டு.

முதலில் மணியையும் உடம்புக்கு ஒரு முறை காட்டிவிட வேண்டும். காதுக்குள் சீழ், பல் வலி, மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல், இவற்றில் எது இருந்தாலும் நாய் ஒதுங்கும், தொட்டால் உறுமும். சத்தத்துக்குத் துள்ளும்போது தசை வலித்தால் சத்தத்தின் மேலான பயமும் கூடும். வலியை வைத்துக்கொண்டு பழக்கம் சொல்லிக் கொடுத்தால் நாய்க்கும் கஷ்டம், நமக்கும் பலனில்லை.

அடித்துப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அதை இன்றோடு நிறுத்த வேண்டும், தம்பி. இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சாயங்காலம் நீங்கள் வந்து கதவைத் திறக்கும்போது நாய் செய்கிற வேலை வரவேற்பது. அப்போது விழுகிற அடியை அது காலையில் பிறாண்டிய கதவோடு சேர்த்துப் பார்க்காது, உங்கள் வருகையோடுதான் சேர்த்துப் பார்க்கும். நாளைக்கு உங்கள் பைக் சத்தம் கேட்டதுமே நடுங்கும். காதை மடக்கி, தலையைக் குனிந்து, கண் ஓரத்தில் வெள்ளை தெரிய நிற்பதைப் பார்த்து 'தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது' என்கிறோம். அது உங்கள் முகத்தைப் பார்த்து வருகிற பயம். பயத்தால் வந்த நடத்தையை இன்னொரு பயத்தால் அடக்கினால் கொஞ்ச நாள் அடங்கின மாதிரி இருக்கும், அப்புறம் கடியாக வெளிவரும்.

உறுமலும் அப்படித்தான். மகளைப் பார்த்து உறுமியது எச்சரிக்கை. 'கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல அதற்கு வேறு வழியில்லை. உறுமியதற்காக அடித்தால் அடுத்த தடவை உறுமாது, நேராகக் கடிக்கும். கட்டிலுக்கு அடி மணியின் இடம் என்று வீட்டில் எல்லோருக்கும் சட்டமாகச் சொல்லிவிடுங்கள். அங்கே யாரும் கை நீட்டக் கூடாது, குனிந்து பார்க்கக் கூடாது, துடைப்பத்தால் தள்ளக் கூடாது. அதுவாக வெளியே வரட்டும். மகளையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஓர் அறையில் விடவே கூடாது, ஐந்து நிமிடம் என்றாலும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவள் தூரத்தில் நின்று ஒரு துண்டு கோழியைத் தரையில் உருட்டிவிட்டுத் தன் விளையாட்டுக்குப் போகட்டும். தடவ வேண்டாம், கூப்பிட வேண்டாம். அவள் வந்தால் நல்லது நடக்கிறது, நெருங்கி வந்து பயமுறுத்துவதில்லை என்பது நாய்க்குப் பதிய வேண்டும். கொஞ்ச வாரம் பிடிக்கும்.

ஒருவேளை பல் பட்டுவிட்டால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடத் தொடங்கிவிட வேண்டும். மணிக்கும் சின்னானுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம் போட்டுவருகிறீர்களா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். தடுப்பூசி இல்லாத நாயின் குணம் திடீரென்று மாறினால், தண்ணீர் விழுங்கத் திணறினால், எச்சில் வடிந்தால், தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று வாயில் கை விடக் கூடாது.

இப்போது வேட்டு. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் காது கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000, பூனைக்கு 64,000 வரை. பட்டாசுக்கு அரசு வைத்திருக்கிற உச்ச வரம்பே நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல், அதுவே நம் காதுக்கு வலி. கோயில் வேட்டு எந்த வரம்புக்கும் உட்படுவதாக எனக்குத் தெரியவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. ஊர்க்கோயில் கொடைக்கு மகுடம் என்கிற தோல்கருவியும் நையாண்டி மேளமும் சேர்ந்து அடிக்கிறபோது தரையே அதிரும். அதைக்கூடச் சில நாய்கள் பொறுத்துக்கொள்ளும், ஒரு சீராக வருவதால். வேட்டு அப்படி இல்லை.

பயந்த நாயைத் தட்டிக்கொடுத்தால் பயம் வளரும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், நாய் பழக்குகிறவர்கள்கூடச் சொல்வதுண்டு. அது சரியில்லை. பயம் கூலி வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இல்லையே, கூலி கொடுத்தால் கூடுவதற்கு. மணி உங்கள் மடியைத் தேடி வந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒளியப் போனால் ஒளிய விடுங்கள். எது வேண்டும் என்பதை அதுவே தேர்ந்தெடுக்கட்டும்.

அடுத்த வேட்டுக்கு முன்னால் பழக்கப்படுத்துகிற வேலை ஒன்று இருக்கிறது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வேட்டுச் சத்தத்தை போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், யூடியூபிலும் கிடைக்கும். நாய் காதை மட்டும் லேசாகத் திருப்பி, மறுபடி தன் பாட்டுக்கு இருக்கிற அளவுக்குக் குறைந்த சத்தத்தில் ஒரு வேட்டு போடுங்கள். போட்ட அடுத்த நொடி ஒரு துண்டு கோழி ஈரல். சத்தம் முந்தி, ஈரல் பிந்தி. இந்த வரிசை மாறக் கூடாது. ஈரலை முதலில் நீட்டிவிட்டுச் சத்தம் போட்டால் ஈரலைப் பார்த்தே நாய் பயப்படத் தொடங்கிவிடும். ருஷ்யாவில் பாவ்லவ் என்ற விஞ்ஞானி நாய்களை வைத்துக் கண்டுபிடித்தது இந்த வரிசையைத்தான். உணவுக்கு முன்னால் தவறாமல் ஓர் ஒலியை எழுப்பியதால், அந்த ஒலி கேட்டதுமே எச்சில் ஊறப் பழகிக்கொண்ட நாய்கள் அவை. உங்கள் மணிக்கு வேட்டுச் சத்தம் ஈரலின் அறிவிப்பாக மாற வேண்டும்.

ஒரு நேரத்துக்கு ஐந்தாறு வேட்டு போதும். சில நாள் கழித்து, சத்தம் கேட்டதும் 'எங்கே ஈரல்' என்று உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் ஒரு கோடு சத்தத்தைக் கூட்டுங்கள். தூக்கமில்லாமல் கொட்டாவி, நாக்கால் மூக்கை நக்குவது, வெயில் இல்லாமல் இரைப்பது, ஒரு முன்காலைத் தூக்கி நிற்பது, வாலை இடுக்குவது, பிடித்த ஈரலையே வேண்டாம் என்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் இரண்டு கோடு குறைத்துத் தொடங்குங்கள். பால் பொங்கி வழிந்த பிறகு கரண்டியால் கிண்டிப் பயனில்லை, அடுப்பை முன்னமே குறைத்திருக்க வேண்டும். பயம் தொடங்குவதற்கு முந்தின அளவில் நின்று வேலை செய்வதுதான் இந்த முறையின் உயிர். கதவுச் சத்தம், புது ஆள், தனியாக இருப்பது, எல்லாவற்றுக்கும் இதே விதிதான். போன் ஸ்பீக்கரில் வேட்டின் அடி அதிர்வு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். போனில் தேறின நாய் நிஜ வேட்டுக்கும் முழுதாகத் தேறிவிடும் என்று சொல்ல முடியாது, பாதியாவது குறையும்.

ஆடியில் பல கோயில்களில் கொடை இருக்கிறது. கொடை நோட்டீசில் மதியக் கொடை, சாமக் கொடை நேரங்களைப் போட்டிருப்பார்கள். அந்த நேரங்களை ஒட்டித்தான் வேட்டு அதிகம் விழும், அதை வைத்துத் திட்டம் போடலாம். புரட்டாசியில் பாளையங்கோட்டை தசராவும், குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர்கள் காளி, குறவன், குரங்கு வேடங்களில் மேளத்தோடு வீடு வீடாக வருவதும் இருக்கிறது. வேடக்காரரைப் பார்த்த நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவது நம் பக்கத்தில் நடக்கிற ஒன்றுதான். அந்தப் பத்து நாள் வாசல் கேட்டை யார் வந்தாலும் உடனே திறக்காமல், மணியை உள்ளறையில் விட்டுவிட்டுத் திறங்கள். அம்மனுக்குக் காணிக்கையை நீங்கள் வெளியே போய்க் கொடுத்தால் ஆயிற்று. ஐப்பசியில் தீபாவளி. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க அனுமதி. ஊர் முழுக்க அதை மதிக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் பெரிய சத்தம் எப்போது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அந்த நாட்களுக்கு வீட்டின் நடுவில் இருக்கிற அறையாகப் பாருங்கள், ஜன்னல் குறைவாக, தெருச் சுவர் இல்லாமல். கதவுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, மின்விசிறியை வேகமாக ஓட விட்டு, டிவியையோ ரேடியோவையோ பேச்சுக் குரலில் வையுங்கள். மணி ஏற்கெனவே கட்டிலடியைத் தேர்ந்தெடுத்திருப்பதால் அதையே சுற்றிலும் கெட்டிப் போர்வையால் மறைத்துக் குகை மாதிரி ஆக்கிக் கொடுங்கள். ஐந்து மணிக்குள் வெளியே கூட்டிப் போய் வந்துவிட வேண்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதி மாட்டுங்கள், வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய்க்கு ஊர் திரும்பத் தெரியாது. பஞ்சைக் காதுக்குள் ஆழமாகத் திணிக்க வேண்டாம். சின்னானுக்கு வேறு அறை, பீரோ மேல். இடி மழைக்கும் இதே ஏற்பாடுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீருக்குள் கட்டுண்டு நின்ற நாய் ஐப்பசி மேகத்தைப் பார்த்தே நடுங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தது தனிமை. பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்து, நீங்கள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்தைப் பதிந்து பாருங்கள். கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு, எழுந்து செருப்பைக் கடித்துவிட்டு, மறுபடி தூங்கினால் அது சலிப்பு. ஓட்டமும் விளையாட்டும் போதும். நீங்கள் படியிறங்கிய சில நிமிடத்திலேயே இரைத்து, எச்சில் வடித்து, நீங்கள் போன கதவையே பிறாண்டி, வைத்துவிட்டுப் போன கோழியைத் தொடாமல் ஊளையிட்டால் அது பீதி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது மாதிரி தெரிகிறது. கூண்டில் போட்டுப் பூட்டாதீர்கள், பீதியில் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். சங்கிலியும் வேண்டாம். துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணி தேடுவது மனிதரை, இன்னொரு நாய் அந்த இடத்தை நிரப்பாது. போனில் ஆச்சி குரலைக் கேட்க வைப்பதும் சில நாய்களை வீடு முழுக்கத் தேட வைத்துவிடும். ஆச்சியின் பழைய சேலை ஒன்று படுக்கையில் கிடந்தால் அது ஆறுதல்.

சாவியை எடுத்தால், ஹெல்மெட்டைத் தொட்டால் மணி எழுந்து உங்கள் பின்னால் அலைகிறதா? அப்படியானால் நாளில் பல தடவை சாவியை எடுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்காருங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காய் நறுக்குங்கள். சாவிச் சத்தத்துக்கு அர்த்தம் இல்லாமல் போக வேண்டும். பிறகு கதவைத் திறந்து வெளியே ஒரு காலை வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். பிறகு கதவைச் சாத்தி ஐந்து நொடி. பிறகு அரை நிமிடம். நாய் படுத்தபடியே இருந்தால் மட்டும் அடுத்த படி. எப்போதும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் நடுநடுவே குறைத்தும் செய்யுங்கள். நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் அதன் பிறகு வேகமாகக் கூட்டலாம், ஏனென்றால் பீதி பெரும்பாலும் அந்தத் தொடக்க நேரத்துக்குள் உச்சம் தொட்டுவிடுகிறது.

இதில் சிக்கல் உங்கள் வேலை நேரம். பழக்குகிற காலத்தில் தினமும் எட்டு மணி நேரம் தனியே விட்டால் காலையில் கட்டியது மாலையில் இடியும். கீழ் வீட்டில் பகலில் இருக்கிற மைனி யாராவது மணியைத் தன் வீட்டில் படுக்க விடுவாரா என்று கேளுங்கள். நீங்களும் மனைவியும் விடுப்பையோ ஷிப்டையோ மாற்றி மாற்றி எடுக்க முடிகிறதா பாருங்கள். ஆச்சி ஒரு மாதம் வந்து இருக்க முடிந்தால் ரொம்ப நல்லது, ஆனால் அந்த மாதத்தில் இந்தப் பயிற்சி நடக்க வேண்டும். நடக்காவிட்டால் ஆச்சி திரும்பிப் போகும்போது மறுபடி முதலிலிருந்து.

காலையில் ஆறு மணிக்குள் சுற்றுச்சுவர் உள்ள காலி மனை எதிலாவது நீளக் கயிற்றோடு மணியை ஓட விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் தார் ரோட்டில் நடக்க விட்டால் பாதம் பொத்துப்போகும், உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஓட்டத்தோடு, மோந்து பார்த்துக்கொண்டு மெதுவாக நடக்கவும் விடுங்கள். ஒவ்வொரு போஸ்ட் மரமாக மோந்து பார்க்கிற நாயை இழுத்துக்கொண்டே நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மோப்பம்தான் அதற்கு அன்றைய ஊர்ச் சேதி, மனதை இறுக்கம் தளர்த்துவதும் அதுவே.

மருந்து பற்றிப் பலருக்குக் கூச்சம் இருக்கிறது. நாய்க்கு என்ன மனநோய் மாத்திரை என்று சிரிப்பார்கள். பயம் இந்த அளவுக்கு இருக்கும்போது நாயால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மருந்து அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது, பயிற்சி உள்ளே போகிறது. பிரிவுப் பதற்றத்துக்கு ஃப்ளூவாக்செடின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்துகளை உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அவை பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும், இடையில் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. வேட்டு நாட்களுக்கு மட்டும் கொடுக்கிற மருந்துகள் தனி. நாயைச் சுருட்டிப் படுக்க வைக்கிற பழைய தூக்க ஊசி, மாத்திரை சில உண்டு. அவை உடம்பை மட்டும் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். ஆகவே மருத்துவரிடம் 'தூங்க வைக்க' என்று கேட்காமல் 'பயத்தைக் குறைக்க' என்று கேளுங்கள், அந்த வீடியோவையும் காட்டுங்கள். மெடிக்கலில் நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். நாயின் உண்ணிக்குத் தோலில் விடுகிற பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு. மணிக்குப் போட்டால் அது காயும்வரை சின்னானை ஒட்டிப் படுக்க விடாதீர்கள்.

வேட்டு நாளுக்கென்று மருத்துவர் எழுதித் தருகிற மருந்தைக் கொடையன்று முதல்முறையாகக் கொடுக்க வேண்டாம். அதற்கு முந்தின வாரம், சத்தமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் நாள் முழுக்க வீட்டில் இருக்கும்போது ஒரு வேளை கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது, தள்ளாடுகிறதா, சிலவற்றுக்கு வருவது போல் தலைகீழாகப் பரபரப்புக் கூடுகிறதா என்று எழுதி வைத்து, அதை மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொடையன்று முதல் வேட்டுக்கு முன்பே, நாய் நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே, அது உள்ளே போயிருக்க வேண்டும்.